வடிகலம் பறித்த பழவாசனை

தாம்பரம் மேற்கில் சண்முகம் சாலைச் சந்தைக்குள் நுழைந்தால், அன்னாசிப்பழம் எந்தக் கடையில் இருக்கிறது என்று கண்ணால் தேட வேண்டியதில்லை. நன்றாகப் பழுத்த அன்னாசி, தான் இருக்கும் இடத்தைத் தெருவுக்கே அறிவித்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் பழத்தைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தை மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். அன்னாசி அடியிலிருந்து பழுத்து மேலே ஏறுகிற பழம். இனிப்பும் மணமும் அங்கேதான் முதலில் கூடும். அந்த மணத்தில் முன்னால் நிற்கும் பொருள்களில் ஒன்று ஈதைல் பியூட்டனோயேட். தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பக்கத்தில் தொங்கும் வாழைத்தாரின் மணத்துக்கு முதல் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட். ஆப்பிளுக்கு ஹெக்சைல் அசிட்டேட்டும் அதன் சொந்தபந்தங்களும். இவை எல்லாம் எஸ்டர் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்து, நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கழற்றிவிட்டால் எஸ்டர் பிறக்கிறது.

இதே குடும்பம் விஸ்கிக்குள்ளும் இருக்கிறது. நல்ல மால்ட் விஸ்கியை மோந்து பார்ப்பவர்கள் “பேரிக்காய் வாசனை வருகிறது, வாழைப்பழம் வருகிறது” என்று சொல்வது பாசாங்கு அல்ல. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவைத்து, வடித்து எடுத்த அந்தத் திரவத்தில் ஒரு துளிப் பழமும் விழுந்ததில்லை. ஆனாலும் வாழைப்பழத்தில் உள்ள அதே மூலக்கூறு, ஓர் அணுகூட மாறாமல், அதற்குள் மிதக்கிறது. வீட்டில் விஸ்கியோடு அன்னாசியோ ஆரஞ்சோ கலந்து காக்டெய்ல் செய்து பார்ப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ உறவுக்காரர்களைத்தான் ஒரே குவளையில் சேர்த்துவைக்கிறார்கள். அந்த உறவு எங்கே தொடங்கியது, எங்கே அறுந்தது, குவளைக்குள் எப்படி மீண்டும் சேர்கிறது என்பது நம் அடுக்களையிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய வேதியியல். மது குடிக்காதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

தொடக்கம் ஈஸ்ட். பழத்தோலின் மீது இயல்பாகவே வாழும் ஒற்றைச் செல் உயிர் அது. சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும். இது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் வராத இன்னொரு வேலையும் அது செய்கிறது: கொஞ்சம் எஸ்டரும் தயாரிக்கிறது. அதற்கென்றே ஏ.டி.எஃப்.1 என்று ஒரு மரபணு வைத்திருக்கிறது. சர்க்கரை கிடைக்கிறது, எத்தனால் மற்ற கிருமிகளைக் கொல்கிறது, சரி, வாசனை எதற்கு? அதைத் தயாரிக்க ஆற்றல் செலவாகும். காரணமில்லாமல் எந்த உயிரும் அப்படிச் செலவழிப்பதில்லை.

பெல்ஜியத்தின் லூவென் நகரத்தில் கெவின் வெர்ஸ்ட்ரெப்பனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. ஏ.டி.எஃப்.1 மரபணுவை நீக்கிய ஈஸ்டையும் நீக்காத ஈஸ்டையும் பழ ஈக்களுக்கு முன்னால் வைத்தார்கள். வாழைப்பழக் கிண்ணத்தைச் சுற்றி மொய்க்குமே, அந்தக் குட்டி ஈக்கள்தாம். வாசனை இல்லாத ஈஸ்டின் பக்கம் ஈக்கள் மிகக் குறைவாகவே போயின. வாசனை உள்ள ஈஸ்ட், ஈக்களின் காலிலும் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு புதிய இடங்களுக்குப் பரவியது. ஈஸ்டுக்குச் சிறகில்லை, நகரக் காலில்லை. பழத்திலிருந்து பழத்துக்குப் போக அதற்கு வாகனம் வேண்டும். பழவாசனை அந்த வாகனத்தை அழைக்கும் குரல். மரமும் அதையேதான் செய்கிறது. விதையைச் சுமந்து செல்லக் குரங்கையும் பறவையையும் வௌவாலையும் கூப்பிட அது எஸ்டர் தயாரிக்கிறது. அன்னாசிச் செடியும் நுண்ணுயிரும் தனித்தனியாக நடந்து ஒரே மூலக்கூறில் வந்து நின்றிருக்கின்றன. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறையாத சேதி.

ஈஸ்ட் போடும் ஊறலில் எஸ்டர் இருக்கிறது என்றால், நம் ஊர் டாஸ்மாக் கடையில் கிடைக்கும் சாதாரண விஸ்கியில் ஏன் அந்தப் பழவாசனை பெரும்பாலும் இல்லை? மூக்கருகே கொண்டுபோனால் நெடிதானே வருகிறது?

இதற்கு விடை தேடினால் தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கே போகலாம். செங்கல்பட்டைத் தாண்டிப் படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. எந்தச் சர்க்கரை ஆலையிலும் கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் படியவைத்து எடுத்த பிறகு, இனி படியாது என்ற நிலையில் கருப்பாக ஒரு பாகு மிஞ்சும். மொலாசஸ். 100 கிலோ கரும்புக்கு ஏறத்தாழ 4 கிலோ. அதில் இன்னும் பாதியளவுக்குச் சர்க்கரை இருக்கும். ஈஸ்டுக்கு அது விருந்து. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதிக்கு அடிப்படை, பார்லி அல்ல, இந்த மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுக்கும் சாராயம். அதோடு கொஞ்சம் மால்ட் சாராயமும் நிறமும் மணமும் சேர்ப்பார்கள். நம் சட்டம் இதை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியத்திலிருந்து வராத எதையும் விஸ்கி என்று விற்க முடியாது.

ஆனால் குற்றம் மொலாசஸின் மேல் இல்லை. இதைப் பலர் தவறாகவே சொல்கிறார்கள். ஜமைக்காவில் அதே மொலாசஸை நீண்ட நாள் புளிக்கவைத்து, செம்புப் பானை வடிகலத்தில் வடித்து ரம் எடுக்கிறார்கள். அதில் அன்னாசியும் கனிந்த வாழைப்பழமும் மூக்கைத் துளைக்கும். வித்தியாசம் வடிகலத்தில் இருக்கிறது. பானை வடிகலம் மெத்தனமானது. எத்தனாலோடு எஸ்டர்களில் பலவும் ஆவியாகி அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். 1830இல் அயர்லாந்தின் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தூண் வடிகலம் வேறு வகை. உயரமான கோபுரத்துக்குள் தட்டுத் தட்டாக ஆவி ஏறும். ஒவ்வொரு தட்டிலும் குளிர்ந்து, மீண்டும் கொதித்து, மீண்டும் ஏறும். ஒரே ஓட்டத்தில் பல முறை வடித்ததற்குச் சமம். அதன் வழிவந்த இன்றைய கோபுரங்களில் முடிவில் கிடைப்பது 96 சதவீதம் எத்தனால். தொழிலில் இதை இ.என்.ஏ. என்பார்கள், எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால். நியூட்ரல் என்ற சொல்லுக்கு ஏற்றபடி அதில் கரும்பும் இல்லை, ஈஸ்டும் இல்லை, மணமும் இல்லை. கோபுரம் கெட்டதை நீக்கும்போது நல்லதையும் சேர்த்தே கழித்துவிட்டது. பிறகு தண்ணீர் சேர்த்து 42.8 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். எந்தக் குவார்ட்டர் பாட்டிலின் லேபிளிலும் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

எல்லா இந்திய விஸ்கியும் இப்படி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரின் அம்ருத் நிறுவனம் இந்திய பார்லியில், பானை வடிகலத்தில் எடுத்த சிங்கிள் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோ நகரத்தில் போய் அறிமுகம் செய்தது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் அளவுக்கு ஆவியாகிப் போகும் என்றால், பெங்களூரின் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் போகிறது. இழப்பு பெரிது, ஆனால் அந்த வெப்பமே மரத்தின் சாரத்தைச் சீக்கிரம் இறக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட விஸ்கியில் பழவாசனை ஏற்கெனவே உண்டு. அதில் சாறு ஊற்றுவது அதன் மேல் சாயம் பூசுவது போல. அதைத் தண்ணீரோடு விட்டுவிடுவது நல்லது. பழக் காக்டெய்லுக்கு ஏற்றது எளிய விஸ்கிதான். கோபுரம் எதைப் பறித்ததோ, அதைச் சந்தையிலிருந்து வாங்கி வந்து திருப்பிக் கொடுக்கிறோம்.

இந்தத் திருப்பிக் கொடுத்தல் நம் கரைக்குப் புதிதல்ல. சாராயத்தோடு எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா சேர்த்துக் கலக்கும் ‘பஞ்ச்’ என்ற பானத்தைப் பற்றி இதுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று சோழமண்டலக் கரையைச் சேர்ந்தது. 1632 செப்டம்பர் 28ஆம் தேதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் ராபர்ட் ஆடம்ஸ், பெத்தபள்ளியில் இருந்த கம்பெனி வணிகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தை, நீங்கள் பஞ்ச் குடித்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புவதாகச் சொல்லி முடிக்கிறார். பெத்தபள்ளி இன்றைய ஆந்திரத்தின் நிஜாம்பட்டணம். சென்னைக் கோட்டைக்கு அடிக்கல் விழ இன்னும் சில ஆண்டுகள் இருந்த காலம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பீரும் ஒயினும் கப்பலிலேயே கெட்டுப்போயின. இங்கே கிடைத்தது பனை, தென்னைக் கள்ளிலிருந்தும் வெல்லத்திலிருந்தும் வடித்த சாராயம். அதன் முரட்டுத்தனத்தை அடக்க எலுமிச்சையும் சர்க்கரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. உலகத்தின் மதுக்கூடங்கள் இன்று பரிமாறும் புளிப்புக் காக்டெய்ல்களின் முன்னோர் வரிசையில் இந்தக் கலவைக்கு முதலிடம் உண்டு.

இனி அடுக்களைக்கு வரலாம். ஒரு குவளைக்கு 30 மி.லி. விஸ்கி, 60 மி.லி. புதிய அன்னாசிச் சாறு, 10 மி.லி. எலுமிச்சைச் சாறு, 5 மி.லி. சர்க்கரைப் பாகு. சர்க்கரையை அப்படியே போடாமல் பாகாகப் போடுவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் தன் எடையைப் போல இரு மடங்கு சர்க்கரை கரையும். தூய எத்தனாலில் அது கரையவே மறுக்கும். குளிர்ந்த, ஆல்கஹால் கலந்த திரவத்தில் போட்ட சர்க்கரை அடியில் மணலாகத் தங்கி, கடைசி வாயில் மட்டும் இனிக்கும். சமஅளவு சர்க்கரையும் வெந்நீரும் கலந்து ஆறவைத்தால் பாகு தயார்.

சாறு பிழிவதற்கு முன்னால் எலுமிச்சையின் தோலை ஒரு துண்டு சீவி வைத்துக்கொள்வது நல்லது. சின்ன வயதில் கமலா ஆரஞ்சுத் தோலை மடித்துப் பக்கத்தில் இருப்பவன் கண்ணில் பீய்ச்சியடித்து அடி வாங்காதவர்கள் குறைவு. அன்று கண் எரிந்ததே, அது லிமோனின். தோலின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பைகளில் அது அடைபட்டிருக்கும். ஒரு மெழுகுவத்திச் சுடருக்கு முன்னால் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிழிந்தால், தெறிக்கும் துளிகள் பொறி பொறியாகப் பற்றி எரிவதைப் பார்க்கலாம். விஸ்கி பாட்டிலை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் செய்ய வேண்டும். ஊதிய பலூன் மேல் அந்த எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிப் பலூன் வெடிக்கும். லிமோனின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். எனவே அதே தோலை வெறும் எலுமிச்சைச் சர்பத்தின் மேல் பிழிந்தால் எண்ணெய் மேலாக மிதந்து நிற்கும். விஸ்கியின் மேல் பிழிந்தால் உள்ளே இறங்கிக் குவளை முழுவதும் பரவும். பழத்தின் மணத்தைச் சுமக்கத் தண்ணீரைவிட எத்தனால் கெட்டிக்காரன். வாசனைத் திரவியக் கடைகள் ஆல்கஹாலை நம்புவதற்கும் இதுவே காரணம்.

எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு சிட்ரிக் அமிலத்தால் வருவது; சாற்றில் 5, 6 சதவீதம் வரை அது இருக்கும். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அடக்கும். குவளைக்குள் அவை எதிர்வினை புரிந்து அழிந்துபோவதில்லை. இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன. அடங்குவது நம் உணர்வில். அளவு சரியாக இருந்தால் இரண்டும் பின்வாங்கி, நடுவில் பழத்தின் மணத்துக்கு வழிவிடுகின்றன. இந்த இடத்தில் சுவை பார்த்துப் பார்த்து நாலு சொட்டுக் கூட்டியோ குறைத்தோ கலப்பதுதான் வழி, ஏனென்றால் எந்த இரண்டு எலுமிச்சையும் ஒன்றல்ல.

விஸ்கியின் எரிச்சலுக்கு என்ன காரணம்? நாக்கிலும் தொண்டையிலும் உள்ள வலி நரம்புகளில் டி.ஆர்.பி.வி.1 என்றொரு புரதம் இருக்கிறது. 42 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறந்துகொண்டு, சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் அதே கதவு திறக்கும். அதனால்தான் காரம் எரிகிறது. இந்தப் புரதத்தை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எத்தனால் செய்வது நுட்பமான வேலை என்று 2002இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது அந்தக் கதவு திறக்கும் வெப்பநிலையை 42 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. நம் உடம்பின் சூடோ 37 டிகிரி. ஆக, விஸ்கி தொண்டையில் இறங்கும்போது சுடுவதாக நாம் உணர்வது நம்முடைய சொந்த உடம்பின் சூட்டைத்தான். இதை முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதிலிருந்து ஐஸின் வேலையும் புரிந்துவிடுகிறது. வாயும் தொண்டையும் 34 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அந்தக் கதவு மூடியே இருக்கும். எரிச்சல் குறையும். எரிச்சலுக்குப் பின்னால் மறைந்திருந்த மணம் முன்னால் வரும்.

ஐஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டும். வீட்டில் செய்யும் காக்டெய்ல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மேலே சொன்ன நான்கும் சேர்ந்து 105 மி.லி. மே மாதத்துத் தாம்பரத்தில் மின்விசிறிக்குக் கீழேயே 32 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டிலிருந்து கலவையைப் பூஜ்யத்துக்கு இறக்க ஏறத்தாழ 13,000 ஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை விழுங்கும். கணக்குப் போட்டால், 40 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது 105 மி.லி. பானத்தில் 40 மி.லி. வெறும் தண்ணீர். சப்பென்று போவதற்கு வேறு காரணம் வேண்டாம். அதே விஸ்கியையும் சாற்றையும் முன்கூட்டியே ஃபிரிஜ்ஜில் வைத்து 6 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால், பூஜ்யத்துக்கு இறக்க 8 கிராம் ஐஸ் போதும். குளிர்நாட்டில் எழுதிய செய்முறைகளைப் பார்த்து நாம் செய்தால் தண்ணீராகிப் போவதன் மர்மம் இந்த வித்தியாசம்தான். ஐஸைப் பெரிய கட்டியாகப் போடுவதும் உதவும். பொடி ஐஸின் மேற்பரப்பில் ஏற்கெனவே உருகிய நீர் ஒட்டியிருக்கும். அது எந்தக் குளிர்ச்சியும் தராமல் பானத்தில் கலந்துவிடும். புறநகரில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்கள் நிறைய. அந்தத் தண்ணீரின் பைகார்பனேட் எலுமிச்சையின் அமிலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஐஸை மட்டுமாவது கேன் தண்ணீரில் போடுங்கள்.

ஷேக்கர் வாங்க வேண்டியதில்லை. மூடி இறுக்கமாக உள்ள எவர்சில்வர் டப்பா போதும். ஐஸோடு நான்கையும் ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்து 15 விநாடி வேகமாகக் குலுக்க வேண்டும். டப்பாவின் வெளிப்புறம் முதலில் வேர்க்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிவது அது. பிறகு விரல் ஒட்டுவது போலக் குளிரும், ஏனென்றால் உள்ளே வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். ஐஸ் பூஜ்யத்தில்தானே உருகும், அது எப்படிக் கீழே போகும் என்று கேட்கலாம். ஆல்கஹாலும் சர்க்கரையும் கலந்த நீரின் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே பூஜ்யத்தை அடைந்த பிறகும் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். உருகத் தேவையான வெப்பத்தை அந்தத் திரவத்திடமிருந்தே உருவிக்கொள்ளும். குச்சி ஐஸ்காரர்கள் ஐஸ்கட்டியைச் சுற்றி உப்புப் போடுவதும் இதே கணக்குதான்.

குலுக்கியதை வடிகட்டிக் குவளையில் ஊற்றினால் மேலே விரல் கனத்துக்கு வெள்ளை நுரை நிற்கும். அன்னாசிக்கே உரிய வரம் இது. சாற்றில் உள்ள புரதங்களும் நுண்ணிய சதைத் துகள்களும் காற்றுக் குமிழ்களைச் சுற்றிப் படலம் கட்டிப் பிடித்துக்கொள்கின்றன. புதிய சாற்றில் புரோமிலைன் என்ற நொதியும் இருக்கும். அது புரதத்தை அறுக்கும் நொதி. அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு அரிப்பது இதனால்தான். டப்பாவில் அடைத்த சாற்றைச் சூடுபடுத்தியிருப்பார்கள், அதனால் அதில் இந்த நொதி செயலிழந்திருக்கும், மணமும் பாதி போயிருக்கும். கேரளத்து வாழக்குளம் அன்னாசியோ கொல்லிமலை அன்னாசியோ, நறுக்கி மிக்ஸியில் அடித்து வெள்ளைத் துணியில் பிழிந்த சாற்றுக்கு ஈடில்லை.

அளவாகத் தண்ணீர் சேர்வதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃபிரீட்மனும் 2017இல் கணினியில் மாதிரி செய்து பார்த்தார்கள். விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவாயக்கால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. செறிவு 59 சதவீதத்தைத் தாண்டினால் எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளேயே வைத்துக்கொள்கிறது. மேலே வந்தால்தான் ஆவியாகி மூக்குக்கு எட்டும்.

அன்னாசி கிடைக்காத நாளில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைப் பிழிந்து செய்து பார்க்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. இதன் மணம் எஸ்டரை மட்டும் நம்பியதில்லை. லினலூல், ஜெரானியால் என்ற டெர்பீன்கள் இதில் தூக்கலாக இருக்கும். ஜெரானியால் ரோஜாவிலும் இருக்கிறது. ‘பன்னீர்’ என்று பெயர் வைத்தவருக்கு நல்ல மூக்கு. இங்கே மறுபடி ஈஸ்ட் குறுக்கே வருகிறது. பன்னீரில் மணக்கும் முக்கியப் பொருள்களில் ஒன்று ஃபினைல் எத்தனால். ஈஸ்ட் தனக்குக் கிடைக்கும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது இதையேதான் உண்டாக்குகிறது. அந்த வேதிப்பாதையை 1907இல் விளக்கியவர் ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் ஏர்லிக். பானை வடிகலத்து விஸ்கியில் ரோஜா மணப்பதாகச் சிலர் சொல்வார்களே, அதுவும் உண்மை. தாம்பரத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய பன்னீர் சோடாவை விஸ்கியில் ஊற்றும் இளைஞன், நூறாண்டு வேதியியல் ஒப்புக்கொள்ளும் சேர்க்கையைத்தான் செய்கிறான்.

விஸ்கியை 30 மி.லி. என்று நிறுத்தியது காரணத்தோடுதான். 42.8 சதவீதத்தில் அதற்குள் 12.8 மி.லி. எத்தனால், எடையில் 10 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு நிலையான அளவு இதுவே. கல்லீரல் இதைக் கையாள ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். 60 கிலோ எடையுள்ள ஆணின் 100 மி.லி. ரத்தத்தில் இது 25 மி.கி. அளவுக்கு எத்தனாலைக் கொண்டுவரும். பெண்ணுக்கு இன்னும் கூடும். வாகனம் ஓட்டச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30 மி.கி. இரண்டாவது குவளை எல்லையைத் தாண்டிவிடும், அதன் பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் வண்டியை எடுக்கக் கூடாது. குளிர்ச்சியும் இனிப்பும் எரிச்சலை மறைத்துவிடுவதால், பழக் காக்டெய்லில் எவ்வளவு குடித்தோம் என்று நாக்கு எச்சரிக்காது. அளவு கிண்ணம்தான் எச்சரிக்க வேண்டும். எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதே குற்றம்.

பழத்தை வீட்டிலேயே புளிக்கவைத்து வடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. சட்டம் தடுக்கிறது என்பது மட்டும் காரணம் அல்ல. பழத்தோலின் பெக்டின் சிதையும்போது மெத்தனால் கொஞ்சம் வரும்; வடிக்கும்போது அதுவும் சேர்ந்தே வரும். 2023 மே மாதம் செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில் 20 பேருக்கு மேலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேலும் பறிகொடுத்தோமே, அங்கே பழம் எதுவும் இல்லை. கள்ளச்சாராயத்தில் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்து விற்றிருந்தார்கள். மெத்தனால் பார்வைக்கும் வாசனைக்கும் எத்தனாலைப் போலவே இருக்கும், ஒரே ஒரு கார்பன் குறைவு. எத்தனாலைச் சிதைக்கும் அதே நொதி இதையும் சிதைத்து ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது; அது பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தின்கிறது. மருத்துவமனையில் இதற்குக் கொடுக்கும் முறிமருந்துகளில் எத்தனாலும் ஒன்று. அந்த நொதியை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ள, மெத்தனால் சிதையாமல் மெல்ல வெளியேறும். கண் மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இறந்துபோனவர்களின் குடும்பங்களை நினைக்காமல் இந்தப் பத்தியை என்னால் எழுத முடியவில்லை.

வீட்டில் குடிக்காதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு குவளை வேண்டும். சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா என்ற அந்த 1632ஆம் ஆண்டுக் கலவையிலிருந்து சாராயத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது கிட்டத்தட்ட ராமநவமியன்று கோயிலில் தரும் பானகம். வெல்லம், எலுமிச்சை, ஏலக்காய், சுக்கு, தண்ணீர். அதோடு 60 மி.லி. அன்னாசிச் சாறு சேர்த்து, அதே எவர்சில்வர் டப்பாவில் ஐஸோடு குலுக்கினால் நுரையும் வரும், எஸ்டரும் அத்தனையும் இருக்கும். விஸ்கி தந்த எரிச்சலுக்குப் பதில் சுக்கு. இஞ்சியின் ஜிஞ்சரால் தட்டுவது அதே டி.ஆர்.பி.வி.1 கதவைத்தான், இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சரால் தண்ணீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது, காரம் இன்னும் ஏறுகிறது. மரப்பீப்பாய் தரும் துவர்ப்பு வேண்டுமானால் ஆறிய கறுப்புத் தேநீர் 30 மி.லி. சேருங்கள்; அதன் டானின்கள் நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும். சுக்குப் பொடியை மட்டும் நேராகக் கலக்காமல் வெல்லப் பாகோடு ஒரு கொதி விட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தூள் நுரையில் ஒட்டிக்கொண்டு முதல் வாயிலேயே புரையேறும்.